ஸ்மாக் டிரஸ்ல நெஞ்சுப் பக்கம் சுருக்கு வைக்கறது வெறும் அழகுக்கா? எலாஸ்டிக் போட்டா போதாதா?

அழகுக்கு மட்டும் இல்லைங்க. குழந்தைக்கு ஃப்ராக் தைக்கக் குடுத்து, டெய்லர் சொன்ன கூலிய கேட்டு மலைச்சுப்போய்தான் இந்தக் கேள்வி போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன். நான் கோத்தகிரி பக்கம் வீட்டுலயே தைக்கறவ, "உன் பொழப்புக்காக பேசற"ன்னு சொல்ல சில பேர் வருவாங்க, முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

ஸ்மாக் பணக்கார டிரஸ்ஸே கிடையாது. 18, 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஆடு மேய்க்கறவங்க, வண்டி ஓட்டறவங்க, வயல்ல வேலை செய்யறவங்க துணிக்கு மேல துணியா மாட்டுன தொளதொள சட்டை அது. அகலத் துணிய நெஞ்சுலயும் முதுகுலயும் மணிக்கட்டுலயும் பொடி மடிப்பா இழுத்து, மடிப்பு மேலயே தையல் போட்டுப் பிடிச்சிருவாங்க, கைய நீட்டுனா விரியும், விட்டா சேர்ந்துக்கும். நிறைய ஸ்மாக்ல முன்னும் பின்னும் ஒண்ணு போல இருக்கும், அழுக்கானா திருப்பிப் போட்டுக்கலாம். இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் போட்ட மேல்சட்டைக்கும் டெனிசன் ஸ்மாக்னுதான் பேரு.

எங்கம்மா எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறவங்க. சேலை, ஸ்வெட்டர், அதுக்கு மேல அப்பாவோட பழைய சட்டை, இடுப்புல பிளாஸ்டிக் ஷீட். ஸ்வெட்டரோட கைய நீட்டி நீட்டி எடுக்கறதுல அந்தச் சட்டை அக்குள்ல கிழியும், நான் தைப்பேன், மறுபடி கிழியும். கடைசியில கெட்டி ட்ரில் துணியில, முதுகுலயும் மணிக்கட்டுலயும் பெரிய மடிப்பா சுருக்கு வச்சு ஒரு ஸ்மாக் தைச்சுக் குடுத்தேன். "என்னக்கா, ஆஸ்பத்திரி கவுனா?"ன்னு கூட வேலை செய்யறவங்க சிரிச்சிருக்காங்க, அம்மா கழட்டவே இல்ல. அந்த மழை சீசன் முடியறதுக்குள்ள சிரிச்சவங்களே எங்க வீட்டுக்கு அளவு குடுக்க வந்தாங்க. நான் தைச்சதுலயே எனக்கு ரொம்பப் பெருமையான துணி அதுதான்.

ஆனா டூரிஸ்ட் கடைக்காரங்க மெஷின்ல எலாஸ்டிக் நூல் ஓட்டுனத "கை வேலை"ன்னு போர்டு வச்சு விக்கறாங்க, நம்மகிட்ட வந்து அந்த ரேட்டுக்கே குடுன்னு கேட்கறாங்க. ஸ்கூல் யூனிஃபார்மும் மலைக்குக் கீழ இருக்கற ஊர்கள்ல தைச்சு மொத்தமா வந்து இறங்குது, ஜூன் மாசம் எங்க மெஷின் சும்மா கிடக்கு. சரி, அது உங்க கேள்வி இல்ல.

கை ஸ்மாக்கிங்குக்கு, அதாவது கையாலயே சுருக்கு வச்சுத் தைக்கறதுக்கு, தைச்சு முடிச்ச அகலத்தப் போல சுமார் மூணு மடங்கு துணி வேணும். புள்ளி வச்சு, வரிசையா நூல் கோர்த்து இழுத்து, மேல தையல் போட்டு, அப்புறம் கோர்த்த நூல உருவணும். கூலி அதுக்குத்தான். எலாஸ்டிக் நாள்பட தொங்கிப்போகும், இறுக்கமா இருந்தா குழந்தை தோல்ல தடம் விழும். கடையில வாங்கறதா இருந்தா உள்பக்கம் திருப்பிப் பாருங்க, எலாஸ்டிக் நூல் ஓடியிருந்தா கை வேலை ரேட் குடுக்காதீங்க.