வாங்குவதில் எத்தனை வாங்கல்: 'பை அப்', 'பை அவுட்' சந்தேகங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் 'பை' (buy, வாங்கு), 'பை அப்' (buy up) இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு கிலோ வெங்காயம் வாங்கினால் 'பை'. விலை ஏறும் என்று சந்தைக்கு வந்த மூட்டையையெல்லாம் வளைத்துப்போட்டால் 'பை அப்'. 1979-ல் அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியில் செய்தது இதுதான். அவுன்ஸ் 6 டாலர் சுமாருக்கு இருந்தது, 1980 ஜனவரியில் 50-ஐ நெருங்கியது. ஒரே ஒரு பேனா வாங்கியதை 'பாட் அப்' ('பை அப்'பின் இறந்தகாலம்) என்று எழுதாதீர்கள்.

கேள்வி: 'பை தெம் அப்'பா, 'பை அப் தெம்'மா?

முதலாவது. இட், தெம், ஹிம் எல்லாம் நடுவில்தான் வரும்.

கேள்வி: பார்ட்னரை 'பாட் அவுட்' என்றால் ஆளையே வாங்கியதாகாதா?

ஆகாது. அவர் பங்குக்குக் காசு கொடுத்துக் கணக்கு முடித்தார் என்று பொருள். கடை இவருக்கு, பணம் அவருக்கு. 'அவுட்' இருக்கும் இடத்தில் 'ஆஃப்' போட்டுவிடாதீர்கள்: 'பாட் ஹிம் ஆஃப்' என்றால் லஞ்சம் கொடுத்து வாயை அடைத்தார். பெயர்ச்சொல்லானால் 'பையவுட்' ஒரே சொல், அழுத்தம் 'பை'யில். 2022-ல் ஈலான் மஸ்க் சுமார் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியது பையவுட்.

கேள்வி: 'அப்' மேலே, 'இன்டு' உள்ளே. அப்படியானால் 'பை இன்டு' என்றால் 'உள்ளே வாங்கு' என்று எழுதலாமா?

கூடாது. சொல் சொல்லாகப் பிய்க்காதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது? தமிழில் 'நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்கிறோம். அவன் கடைக்கும் போகவில்லை, கயிறும் எடுக்கவில்லை; திட்டு விழுந்தது. 'மனை வாங்கிப்போட்டான்' என்றால் எதையும் கீழே போடவில்லை, பின்னால் உதவும் என்று வாங்கி வைத்தான். இங்கே 'கொள்', 'போடு' பார்க்கும் வேலையைத்தான் அங்கே அப், அவுட், ஆஃப் பார்க்கின்றன. அகராதியில் 'அப்'பை மட்டும் தேடினால் இந்தப் பொருள் பிடிபடாது. 'பை அப்' என்று சேர்த்துத் தேடுங்கள். 'பை இன்டு'வுக்கு இரண்டு பொருள்: பணம் போட்டு ஒரு தொழிலில் பங்கு சேர்வது, ஒரு கருத்தை நம்பி ஏற்பது. 'ஐ டோன்ட் பை இன்டு தட்' என்றால் 'அதை நான் நம்பத் தயாரில்லை'. இதைப் பிரிக்கவும் முடியாது. 'பை இட் இன்டு' கிடையவே கிடையாது.

கேள்வி: 'மேனேஜரின் பை-இன் வேண்டும்' என்கிறார்களே?

ஒப்புதல், அதுவும் முழு மனதோடு. வெறும் கையெழுத்தல்ல.

கேள்வி: 'ஹி பிராட் அப் ஆல் த டிக்கெட்ஸ்.' சரியா?

'ஆர்' எங்கிருந்து வந்தது? 'பை'யின் இறந்தகாலம் 'பாட்'. 'பிராட்' என்பது 'பிரிங்'குடையது. நீங்கள் எழுதியபடி அவன் டிக்கெட் பேச்சை எடுத்தான்; இன்னும் கேட்டால், டிக்கெட்டுகளைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்தான். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.