பாட்டில் நிரப்புவது மட்டும்தான் வேலையா?

கடல்நீர்க் கண்காணிப்பில் சேர்ந்து எட்டு மாதமாகியும் பாட்டில் நிரப்பும் வேலைதான், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு மீட்டரில் 8.2 மில்லிகிராம், ஆய்வகத்தில் 6.7 வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

மீட்டரில் உப்புத்தன்மை எவ்வளவு என்று கொடுத்தீர்கள்? பூஜ்யத்தில் விட்டிருந்தால் மீட்டர் கடல்நீரை நன்னீர் என்று எடுத்துக்கொள்ளும், கோளாறு அங்கேதான். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரில் அது 6.8 அளவுதான். மீட்டரில் உப்பு அளவு சரியாகவே கொடுத்திருந்தால் விங்க்லர் பாட்டிலைச் (ஆய்வகத்தில் ஆக்சிஜனை அளக்க நீர் பிடித்துவரும் பாட்டில்) சந்தேகப்படுங்கள். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் படகிலேயே விட்டீர்களா, கரைக்கு வந்த பிறகா? தாமதித்தால் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அளவு குறைந்து தெரியும்.

வேலையை இப்போது விடாதீர்கள். நானும் ஐஸ் பெட்டி தூக்கித்தான் ஆரம்பித்தேன் (இடுப்பு வலி இன்னும் போகவில்லை). பழைய தரவுகளைக் கேட்டு வாங்கி, பைத்தான் (Python), ஆர் (R) என்ற கணினி மொழிகளில் ஒன்றில் வரைபடமாக்கிப் பாருங்கள். இந்த உப்புப் பிழை எத்தனை மாதமாக இருக்கிறதென்று தெரிந்துவிடும். அதை ஒரு பக்கத்தில் எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். தரவையே தர மறுத்தால் வேறு இடம் தேடலாம்.