மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்போம்: கால்சியம் பற்றி வாசகர் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் என் மருந்தகத்துக்கு வருகிறவர்கள் கேட்பதும், இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் கேட்பதும் இந்த மாதம் ஒன்றாகவே இருக்கிறது. எல்லாம் கால்சியம். கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: வயது 61. கல்யாணமான நாளிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். இப்போது தாமான் குடியிருப்பில் மகனோடு இருக்கிறேன். அரசாங்க கிளினிக்கில் கால்சியம் லாக்டேட் 300, தினம் இரண்டு கொடுக்கிறார்கள். கோலாலம்பூரில் இருக்கும் மகள், வைட்டமின் டி சேர்ந்த கால்சியம் 600 டப்பா ஒன்று வாங்கி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வைட்டமின் டி 5000 தனியாகக் கொடுத்தார். தைராய்டு மாத்திரையும் உண்டு. எல்லாவற்றையும் காலையில் தேத்தண்ணியோடு ஒரே வாயில் போட்டுக்கொள்கிறேன். சரிதானா, தங்கச்சி? காலமெல்லாம் வெயிலில் கிடந்த எனக்கு வைட்டமின் டி எதற்கு?

பதில்: அக்கா, முதலில் தைராய்டு மாத்திரையை அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே எடுங்கள். அந்த மாத்திரையில் இருக்கும் தைராக்சின் மருந்தைக் கால்சியம் குடலில் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராமல் வீணாகக் கழிந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாகவில்லையே என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். கூட்டிய அளவையும் அதே கால்சியத்தோடு விழுங்குவீர்கள். இது கவுண்டரில் நான் அடிக்கடி பார்க்கிற கதை. இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் விடுங்கள். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பழகிய உடம்பு, எப்படியும் விடியுமுன் எழுந்துவிடுவீர்கள். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராக்சின். தேத்தண்ணியும் பசியாறலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு.

இப்படிப் பிரித்ததும் தைராக்சின் முன்பைவிட நன்றாக உடம்பில் சேரும். அதனால் இப்போதைய அளவு உங்களுக்கு அதிகமாகிப் படபடப்பு வரலாம். நேரத்தை மாற்றியதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சரி, அடுத்தது எண்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கிளினிக் மாத்திரையில் 300 என்றிருப்பது கால்சியம் லாக்டேட்டின் எடை. அதில் உண்மையான கால்சியம் 13 விழுக்காடுதான், ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய 39 மில்லிகிராம். இரண்டு போட்டாலும் 80-ஐத் தொடாது. மகள் வாங்கிய டப்பாவில் 600 என்று போட்டிருப்பது அநேகமாகச் சுத்தக் கால்சியத்தின் அளவு. கால்சியம் கார்பனேட்டில் 40 விழுக்காடு கால்சியம் இருப்பதால், 600 கிடைக்க 1500 மில்லிகிராம் கார்பனேட் வேண்டும். டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் 'எலிமெண்டல் கால்சியம்' என்று இருக்கிறதா பாருங்கள். கணக்குக்கு எடுக்க வேண்டிய எண் அதுதான். பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், கண்ணைக் கஷ்டப்படுத்தாதீர்கள்.

உங்கள் வயதில் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஆனால் அது சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து! எல்லாரும் மாத்திரையை மட்டும் எண்ணுகிறார்கள். ஒரு தம்ளர் பாலில் கிட்டத்தட்ட 300 இருக்கும். தயிர், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, டின் சார்டின் முள், கேழ்வரகுக் கூழ், வேலியோரம் நிற்கும் முருங்கையின் கீரை, சோயா தவு எல்லாமே நல்ல வரவு. தேத்தண்ணியில் ஊற்றும் டின் பாலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டின்னைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் 'கிரிமர்' என்றுதான் இருக்கும். அதில் பெரும்பகுதி சர்க்கரையும் செம்பனை எண்ணெயும். ஒரு வாரச் சாப்பாட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குறைகிறதை நிரப்பத்தான் மாத்திரை, அதற்கு மேல் போட்டு எலும்புக்கு ஒரு லாபமும் இல்லை. தினம் ஒரு தம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிடுகிறவருக்கு 600 மாத்திரை ஒன்றே போதும். உடம்பு ஒரு நேரத்தில் 500 மில்லிகிராம் வரைதான் நன்றாக ஏற்கும். மாத்திரையின் நடுவில் கோடு இருந்தால் உடைத்து மதியம் பாதி, இரவு பாதியாகப் போடுங்கள். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால்தான் சாப்பாட்டோடு என்கிறேன். கேஸ்ட்ரிக்குக்காக ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும், கார்பனேட் மலச்சிக்கல் தருகிறவர்களுக்கும் கால்சியம் சிட்ரேட் ஒத்துவரும். அதற்குச் சாப்பாடு கட்டாயமில்லை.

வெயில் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நினைத்துப் பாருங்கள்: விடியற்காலை இருட்டில் மரத்துக்குப் போவீர்கள், தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, மேலே இலைக் கூரை. சூரியன் உச்சிக்கு வருமுன் பால் நிறுத்து முடிந்திருக்கும். நம் கறுத்த தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்க வெயில் கூடுதல் நேரம் பட வேண்டும். இப்போது தாமான் வீட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள். வெயில் நாடான மலேசியாவிலேயே ஆய்வுகளில் இந்தியப் பெண்கள் பலருக்கு வைட்டமின் டி குறைவாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனாலும் அந்த 5000 வேண்டாம் அக்கா. ஒரு நாளைக்கு 600 முதல் 800 யூனிட் போதும். டாக்டர் சொல்லாமல் தினம் 4000-ஐத் தாண்டக்கூடாது. மகள் டப்பாவிலும் வைட்டமின் டி இருப்பதால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவில், மருந்து எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, தண்ணீரில் கரையும் வைட்டமின்போல மிச்சம் சிறுநீரில் போய்விடாது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், புத்தித் தடுமாற்றம் எல்லாம் ரத்தத்தில் கால்சியம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். அப்படி இருந்தால் எல்லா டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இன்னொருவர் டப்பாவைத் தருவது அன்புதான். அவர் ரத்தப் பரிசோதனைக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: சலாக்கிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 66. இரண்டு முழங்காலும் வலி. மாதக்கணக்கில் கால்சியம் கொடுத்தும் குறையவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மூலிகைக் கேப்சூல் மூன்றே நாளில் எழுந்து நடக்க வைத்துவிட்டது. கால்சியத்தை விட்டுவிட்டு இதையே தொடரலாமா, அக்கா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. முழங்கால் வலிக்குக் கால்சியம் மருந்தே இல்லை. இந்த வயதில் அநேகமாக அது மூட்டுத் தேய்மானம். எலும்பு மெலிவது வேறு நோய், அது வலிக்காது. ஒருநாள் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறியும்போதுதான் தெரியவரும். அதைக் கண்டுபிடிக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. அதனால் கால்சியம் அம்மாவின் வலியைக் குறைக்கவில்லை என்று அதன்மேல் கோபப்படாதீர்கள்.

அந்தக் கேப்சூல்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தேய்ந்த மூட்டை மூன்று நாளில் ஓட வைக்கும் மூலிகை எனக்குத் தெரிந்து இல்லை. இப்படி விற்கும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியை மறைத்துவிட்டு எலும்பை உள்ளேயிருந்து கரைக்கும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அம்மாவின் முகம் உருண்டையாக ஊதியிருக்கிறதா? தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? பாருங்கள்.

இதைப் படித்த வேகத்தில் கேப்சூலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் எடுத்துவிட்டு ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. வாந்தி, மயக்கம், அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பாக்கெட்டோடு அம்மாவை நாளைக் காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். மயக்கமோ வாந்தியோ இருந்தால் காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி எது வாங்கினாலும் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணையும், பக்கத்தில் ஹோலோகிராம் ஸ்டிக்கரையும் பாருங்கள். எண்ணின் கடைசியில் 'என்' (N) இருந்தால் சத்து மாத்திரை, 'டி' (T) இருந்தால் பாரம்பரிய மருந்து. எண்ணையே போலியாக அச்சடிப்பவர்களும் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். தட்டத் தெரியாதவர்கள் எந்த மருந்தகத்திலும் கேட்கலாம், காசு கேட்க மாட்டோம்.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கால்சியம் கார்பனேட் மாத்திரையும், கால்சிட்ரியால் என்ற சின்னக் கேப்சூலும் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில்தான் இருக்கிறதே என்று அம்மாவும் தன் எலும்புக்காக இரண்டையும் எடுக்கிறார்.

பதில்: அம்மா உடனே நிறுத்த வேண்டும். அப்பாவுக்குக் கால்சியம் கொடுத்திருப்பது பெரும்பாலும் சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைக்க. அதனால்தான் அவர் அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், பிறகு போட்டால் பயனில்லை. கால்சிட்ரியால் சாதாரண வைட்டமின் டி அல்ல. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை முடித்துத் தரும் வீரியமான வடிவம் அது. அதை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கால்சியத்தை அடிக்கடி அளந்து பார்ப்பார்கள். அம்மாவுக்கு அப்படி யாரும் அளக்கவில்லை. இதுவரை எடுத்ததைச் சொல்லி அவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டு பேர் மருந்தும் இரண்டு டப்பாவில் இருக்கட்டும்.

கேள்வி: செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். வயது 47. ஒருமுறை சிறுநீரகக் கல் வந்தது. பாலையும் நெத்திலியையும் விட்டுவிட்டேன். ஆனால் என் எலும்புக்கென்று மனைவி கால்சியம் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.

பதில்: தலைகீழாகச் செய்கிறீர்கள் தம்பி. பாலையும் நெத்திலியையும் திரும்ப ஆரம்பியுங்கள். உணவில் வரும் கால்சியம், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுவதால் கல்லுக்கு எதிராகவே வேலை செய்யும். யோசிக்க வேண்டியது மாத்திரையைத்தான். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தினம் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு அதிகம் வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்சம்தான் கூடியது. உங்களுக்கு ஏற்கெனவே கல் வந்திருப்பதால் டாக்டரைக் கேட்காமல் மனைவி வாங்கிய டப்பாவைத் திறக்காதீர்கள். கல்லை அப்போது எடுத்துப் பரிசோதித்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். அப்புறம், லோரியை நிறுத்திச் சிறுநீர் கழிக்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைக்கிற பழக்கம் ஓட்டுநர்கள் பலருக்கு உண்டு. கல் திரும்ப வருவதற்கு அதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். பெரிய போத்தலில் தண்ணீரை சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மில்லுக்குப் போய்ச் சேருமுன் ஒரு போத்தல், திரும்பும்போது ஒரு போத்தல் என்று குடியுங்கள்.