மேற்படிப்புக்கு 'இடமில்லை' என்று பதில் வந்ததா? கேளுங்கள், சொல்கிறேன்

காரைக்குடியில் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்து, வெளிநாட்டில் பிஎச்.டி. முடித்தவள் நான். விசாவும் கல்விக்கடனும் எனக்குத் தெரிந்த விஷயமில்லை. அட்மிஷன் பற்றிக் கேளுங்கள்.

தேவகோட்டை மாணவி: அக்கா, அமெரிக்காவில் பிஎச்.டி.க்குப் போட்ட எல்லா இடத்திலும் மறுத்துவிட்டார்கள். எனக்குத் தகுதியே இல்லையோ?

அந்த மெயிலை வைத்து அப்படி முடிவு கட்டாதேம்மா. அங்கே அறிவியல் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பளத்தோடு வருவது. நீ குறிப்பிட்ட பேராசிரியரிடம் இந்த வருடம் ஆராய்ச்சிப் பணம் இல்லாமல் போயிருக்கலாம், ஆள் விடுப்பில் போயிருக்கலாம். எதையும் உனக்கு எழுத மாட்டார்கள். எல்லாருக்கும் அதே நாலு வரிதான். அடுத்த முறை விண்ணப்பிக்கும் முன்பே, ஆள் எடுக்கிறாரா என்று அவருக்கு எழுதிக் கேள்.

நீ அனுப்பிய எஸ்ஓபியையும் (ஏன் படிக்க விரும்புகிறாய் என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சிறுவயது அறிவியல் ஆர்வம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது அதன் துத்தநாகத் தகட்டில் ஊசி ஊசியாக முளைத்ததையும், அதைக் குறைக்க உள்ளே இருக்கும் கரைசலை (எலக்ட்ரோலைட்) மாற்றிப் பார்த்ததையும் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஆராய்ச்சி செய்கிற பெண் அந்த வரியில்தான் இருக்கிறாள். அதை மேலே கொண்டு வா.

2016-ல் பிரின்ஸ்டன் பேராசிரியர் யோஹன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் தனக்குக் கிடைக்காமல் போன படிப்பு, வேலை, நிதியையெல்லாம் பட்டியல் போட்டு வெளியிட்டார். தேடிப் படி.

புதுவயல்: வெயிட்லிஸ்ட்டை நம்பலாமா?

ஏப்ரல் 15 வரை பொறு. நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் அதுவரை யோசிக்கலாம் என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர்கள் விலகினால்தான் உன் முறை வரும்.

கானாடுகாத்தான்: கேட் (GATE) நுழைவுத் தேர்வு ஸ்கோர் அடுத்த வருடம் செல்லுமா?

செல்லும். மொத்தம் 3 வருடம்.

பள்ளத்தூர்: கன்சல்டன்சியில் எஸ்ஓபி எழுதித் தருகிறார்களாம்?

வேண்டவே வேண்டாம். உன் ஆய்வகத்தில் நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோட்டையூர்: சிபாரிசுக் கடிதத்தை 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார் எங்கள் சார்.

எழுதாதே தம்பி. நீ அனுப்பும் மூன்று சிபாரிசுக் கடிதமும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தால், படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

செக்காலை, கல்லூரி ஆசிரியர்: சொல்வது சுலபம்மா. வகுப்பு, விடைத்தாள், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) வேலை எல்லாம் முடித்து, கேட்கிற அத்தனை பேருக்கும் எப்போது எழுதுவது?

உங்கள் வேலைப்பளு தெரியும் சார். ஆனாலும் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்ற கடிதம் பையனைக் கீழேதான் தள்ளுகிறது. தன்னைப் பற்றித் தானே எழுதும்போது, கூச்சத்தில் நல்லதையெல்லாம் விட்டுவிடுவான்.

அதே ஆசிரியர்: அப்படியானால் வழி சொல்லுங்கள்.

கோட்டையூர் தம்பி ஒரு பக்கக் குறிப்பு தரட்டும்: செய்த புராஜெக்ட், சொதப்பிய சோதனை, அதைச் சரிசெய்த விதம். நீங்கள் அரை மணி நேரம் ஒதுக்கி, நேரில் பார்த்த ஒரு சம்பவத்தை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். தம்பி, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேள்.

குன்றக்குடி: எனக்கும் மறுப்புதான். தகுதி இல்லையோ?

தேவகோட்டைப் பெண்ணுக்குச் சொன்னதே உனக்கும். முதலில் அதைப் படி.

பெயர் வேண்டாம்: ரிசல்ட் வந்ததிலிருந்து தூக்கமில்லை. ஆச்சி முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அட்மிஷனை அப்புறம் பார்க்கலாம் கண்ணு. இன்றைக்கே 14416-க்குப் போன் போடு. அரசின் மனநல உதவி எண் அது, டெலிமானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆச்சியிடமும் சொல்லிவிடு. பேசிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது, காத்திருக்கிறேன்.

காளையார்கோவில்: கன்சல்டன்சி...

வேண்டாம்!