ஜேசன் ஃபீடில் பிழையில்லை என்று கருவி சொன்னால் அப்படியே வெளியிடலாமா?

கேள்வி கேட்டவர், தமது சிறிய தமிழ் அலைவரிசையின் நிகழ்ச்சிப் பட்டியலை ஜேசன் ஃபீடாக, அதாவது தலைப்பு, நேரம், காணொளி முகவரி போன்றவற்றைச் செயலி படிக்கும் வடிவில் எழுதிய கோப்பாக, தொலைக்காட்சிச் செயலிக்கு அனுப்புவதாகவும், இணையத்திலுள்ள சரிபார்ப்புக் கருவி அதில் பிழையில்லை என்று காட்டுவதாகவும் எழுதியிருக்கிறார்.

இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்பதே என் பதில். அந்தக் கருவி, காற்புள்ளியும் அடைப்புக்குறியும் உரிய இடத்தில் இருக்கின்றனவா, கட்டாயமான விவரங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்று மட்டுமே பார்க்கும். கொடுத்த முகவரியில் காணொளி ஓடுகிறதா என்பதை அது பார்ப்பதில்லை.

வெள்ளவத்தையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஓர் இணைய அலைவரிசைக்கு நான் ஃபீட் தயாரிக்கிறேன். ஆடிவேல் விழாப் பதிவை ஏற்றிய அன்று மாலை, எல்லா இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மாமி, "தம்பி, தேர் நகருதில்லை, வட்டம்தான் சுத்திக்கொண்டிருக்குது" என்று வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். சேமிப்பகத்திலிருந்து நான் நகலெடுத்தவை பன்னிரண்டு மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிக முகவரிகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வோர் இணைப்பையும் இரண்டு முறை, அதாவது ஃபீடைத் தயாரித்த உடனேயும் ஒரு முழு நாள் கழித்தும் சோதிக்கிறேன். அதுவும் அலுவலக இணைப்பில் சோதிப்பதில்லை. எந்தக் கணக்கிலும் நுழையாத கைத்தொலைபேசியில், அதன் சொந்த டேட்டாவில்தான் சோதிக்கிறேன்.

காணொளியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பும் எச்எல்எஸ் முறையைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதன்மைக் கோப்பு திறந்துவிட்டது என்பதால் எல்லாம் சரி என்றாகாது. அதற்குள் வெவ்வேறு தரத்துக்கு வெவ்வேறு பட்டியல்கள் இருக்கும். உங்கள் இணைப்பு வேகமானதாக இருந்தால் பெரும்பாலும் மேல்தரமே ஓடும். கீழ்த்தரத்துக்கான கோப்பு அங்கே இல்லாமற்போனாலும் உங்களுக்குத் தெரியாது. மழை நாளில் இணைப்பு மந்தமான வீட்டில்தான் அது நின்றுபோகும். ஆகவே ஒவ்வொரு தரத்தின் முகவரியையும் தனித்தனியாக விஎல்சி என்ற காணொளி மென்பொருளில் திறந்து பாருங்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. கொழும்பில் நிகழ்ச்சிக் குறிப்புகள் இன்றும் சில இடங்களிலிருந்து, ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் வருகின்றன. அதை அப்படியே ஒட்டினால், கருவியின் கண்ணுக்கு அது குற்றமற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். பார்வையாளருக்கோ பொருளற்ற கிறுக்கலாகத் தெரியும். அடுத்தது நீள வரம்பு. 'கொழும்பு' என்பதில் நமக்கு நான்கு எழுத்துகள். கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடில் அது எட்டுக் குறியீடுகள். அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். விவரணத்துக்கு 200 எழுத்துகள் என்று ஒரு தளம் வரம்பிட்டால், அது இவற்றில் எதை எண்ணுகிறது என்பதை நீளமான ஒரு விவரணத்தை அனுப்பிப் பார்த்தே அறிய முடியும். தவறான இடத்தில் வெட்டப்பட்டால் கடைசி எழுத்தின் உயிர்க்குறி உதிர்ந்து, கொழும்பு 'கொழும்ப' ஆகிவிடும். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2017 இல் வெளிவந்த, ஜேசனுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 8259 அதைச் சேர்க்கக் கூடாது என்கிறது.

நேரத்துடன், இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதைக் காட்டும் +05:30 என்பதையும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால், தைப்பொங்கலன்று காலை 6.00 மணிக்கு வரவேண்டிய நிகழ்ச்சியைத் தளம் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, பொங்கல் பொங்கி முடிந்த பிறகு, 11.30 மணிக்குக் காட்டக்கூடும்.

நான் ஒருநாளும் தவறவிடாத சோதனை, நேற்றைய ஃபீடையும் இன்றைய ஃபீடையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை காரணமின்றிக் குறைந்திருக்கிறதா, பழைய நிகழ்ச்சியின் அடையாள எண் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். அட்டவணையின் வரிசை எண்ணையே அடையாளமாகக் கொடுத்திருந்தால், நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் அதற்குக் கீழுள்ள அனைத்தும் மாறிவிடும். பாதியில் நிறுத்திய நாடகத்தைத் தொடர வந்தவருக்குச் சமையல் நிகழ்ச்சி ஓடும்.

இறுதியாக, உண்மையான தொலைக்காட்சியில் பாருங்கள். தொலைக்காட்சியில் இணையக் காணொளி பார்க்க உதவும் ரோக்கு சாதனத்துக்கான பழைய வழிகாட்டிகள், ஃபீடை மட்டும் கொடுத்து அலைவரிசை தொடங்கும் டைரக்ட் பப்ளிஷர் என்ற வசதியைச் சொல்லும். அது 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது சாதனத்தைச் செயலி உருவாக்குபவர்களுக்கான டெவலப்பர் நிலைக்கு மாற்றி, உங்கள் செயலியை அதில் நேரடியாக ஏற்றி, ஃபீடின் சோதனைப் பிரதியை அதற்குக் கொடுக்கலாம். பத்தடி தள்ளி அமர்ந்து, ரிமோட்டால் மட்டும் இயக்கிப் பாருங்கள். கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ்த் தலைப்பு, தமிழ் எழுத்துரு இல்லாத பெட்டியில் வெறும் கட்டங்களாகத் தெரிவதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து அனுப்பிய பிறகே அது சரியாயிற்று.