பிரபல கம்பெனி பெயரில் வரும் மெயில் உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரியாமல் கிளிக் செய்துவிட்டால் என்ன செய்வது?

நீங்கள் ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர் கேள்வியின் இரண்டாம் பாதியைச் சேர்த்திருக்க மாட்டார். அப்படியானால் முதலில் இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ போய் அதை மாற்றுங்கள். கார்டு நம்பரோ ஓடிபியோ கொடுத்திருந்தால் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலேயே புகார் பதியலாம். திட்டுவார்களே என்று யாரிடமும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் இருந்தேன், பதினெட்டு நாள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. அக்கவுண்ட்ஸ் என்று பெயர்தான். ஷிப்பிங் டாக்குமென்ட், பேங்க் வேலை, பையருக்கு (எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு) மெயில், ஓனர் வீட்டு கேஸ் புக்கிங் வரை என் டேபிளில்தான் வந்து விழும். ஆபீஸில் எல்லோருக்கும் "லிங்க்கைத் தொடாதீங்க, ஓடிபி சொல்லாதீங்க" என்று பாடம் எடுத்தவளும் நான்தான். கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு கனெக்‌ஷன் கட் என்று 2022 வாக்கில் ஒரு எஸ்எம்எஸ் சுற்றியதே, அது வந்தபோது செக்கிங் டேபிள் பெண்கள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வந்தார்கள். ஒரே பார்வையில் டூப்ளிகேட் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பெருமையெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போனது. முந்தின நாள்தான் ஜெர்மனி பையருக்கு சாம்பிள் பார்சல் அனுப்பியிருந்தோம். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், பெரிய வெளிநாட்டு கூரியர் கம்பெனி ஒன்றின் பெயரில் மெயில். (பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை.) பார்சல் நிற்கிறது, முகவரி சரியில்லை, இணைத்திருக்கும் ஏர்வே பில்லை (பார்சலுக்கான கூரியர் ரசீதை) திறந்து உறுதிசெய்யவும். லோகோ, நிறம், கீழே இருக்கும் பொடி எழுத்து, எல்லாம் அச்சு அசல். இதே மெயில் ஒரு மாதம் முன்பு வந்திருந்தால் சிரித்துவிட்டு அழித்திருப்பேன். பார்சல் போய்க்கொண்டிருக்கும்போது வந்ததால் திறந்தேன். மெயில் அனுப்பிய திருடனுக்கு எங்கள் பார்சல் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஏற்றுமதி ஊரில் ஆயிரம் பேருக்கு அனுப்பினால் நூறு பேருக்காவது அன்றைக்கு ஒரு பார்சல் வழியில் இருக்கும்.

இணைப்பு பிடிஎஃப் மாதிரி பெயர் வைத்திருந்தது, ஆனால் அது ஹெச்டிஎம்எல் ஃபைல், அதாவது பிரௌசரில் இணையப் பக்கம் போலத் திறக்கும் ஃபைல். திறந்ததும் பிரௌசரில் ஒரு பக்கம் வந்தது. பின்னால் மங்கலாக ஏதோ பில், முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அதில் எங்கள் ஆபீஸ் மெயில் ஐடி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பாஸ்வேர்டு மட்டும் கேட்டது. அடித்தேன். "தவறான பாஸ்வேர்டு" என்றது. கேப்ஸ் லாக் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, கவனமாக, இன்னொரு முறை அடித்தேன். உடனே கூரியர் கம்பெனியின் நிஜ இணையதளத்துக்கே கொண்டுபோய் விட்டது. அந்த முதல் "தவறு" வேண்டுமென்றே காட்டுவது. இரண்டாவது முறை நாம் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்போம் இல்லையா, அதற்காக.

அப்போது தலையைக் கொஞ்சம் தூக்கி அட்ரஸ் பாரைப் பார்த்திருந்தால் போதும். அங்கே எந்த இணையதள முகவரியும் இல்லை. என் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பாதைதான் இருந்தது. என் சொந்த ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஒரு ஃபைல் என் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறது, நானும் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் இதைக் கவனித்தபோது வயிற்றைப் பிசைந்தது. பாஸ்வேர்டை மாற்றினேன். சரி, முடிந்தது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

முடியவில்லை. மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் அவன் உள்ளே வந்து ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருந்தான். மெயில் செட்டிங்ஸில் ஒரு ரூல், அதாவது வரும் மெயிலைத் தானாகவே என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை: அந்த ஜெர்மனி பையரிடமிருந்து எது வந்தாலும் ஒரு நகல் வெளியே ஒரு மெயிலுக்குப் போகும், இன்வாய்ஸ், பேங்க் போன்ற வார்த்தைகள் இருந்தால் அது இன்பாக்ஸுக்கு வராமல், நாங்கள் ஜென்மத்தில் திறக்காத ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ரூல் அப்படியேதான் இருக்கும். எனக்கு அது தெரியாது.

பதினெட்டாம் நாள் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பி போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தான். "அக்கா, நம்ம பேங்க் மாறிருச்சா? போலந்துல ஏதோ அக்கவுண்ட் குடுத்திருக்கோமாம், அந்தம்மா கேக்குது." 23,400 யூரோ பேமென்ட். நம் பணத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல். எங்கள் பெயரில், ஒரே ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும் டொமைனிலிருந்து (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்), பழைய மெயில் தொடரின் மேலேயே பதில் எழுதுவது போல் பேங்க் விவரத்தை மாற்றி அனுப்பியிருக்கிறான். பையர் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அம்மா, மெயிலில் இருந்த நம்பரை விட்டுவிட்டுத் தன்னிடம் பல வருடமாக இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டதால் பணம் தப்பித்தது. அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

போலி மெயிலில் இலக்கணப் பிழை இருக்கும், அதைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வழக்கமாக எழுதும் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" பையருக்குப் போன அந்தப் போலி மெயிலில் அப்படியே இருந்தது. அதிலிருந்த பிழைகள் எல்லாம் என்னுடையவை.

"ஐடி படித்திருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டீர்கள்" என்று கமெண்ட் போட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். எவால்டாஸ் ரிமசாஸ்காஸ் என்று லிதுவேனியா நாட்டுக்காரர் ஒருவர். தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்துகொண்டு, 2013 முதல் 2015 வரை பொய் இன்வாய்ஸும் மெயிலும் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். ஏமாந்தவர்கள் கூகுளும் ஃபேஸ்புக்கும். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் அவருக்கு 5 வருடம் தண்டனை கொடுத்தார்கள். கூகுளில் ஐடி படித்தவர்கள் கொஞ்சம் பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அனுப்பியவர் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயரை அனுப்புகிறவனே டைப் செய்துகொள்ளலாம். போனில் மெயில் பார்த்தால் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால் முழு முகவரி வரும். அதிலும் கண்ணை ஏமாற்றுவார்கள். 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போட்டால் போலி மைக்ரோசாஃப்ட்டும் நிஜ மைக்ரோசாஃப்ட் மாதிரியேதான் தெரியும். லிங்க்கின் ஆரம்பத்தில் 'ஹெச்டிடிபிஎஸ்' பக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்கும் பகுதிதான் சைட்டின் சொந்தக்காரர். 'அமேசான் டாட் காம் டாட்' என்று ஆரம்பித்து, வேறு ஏதோ ஒரு பெயர் டாட் எக்ஸ்ஒய்இசட் என்று முடிந்தால் அது அமேசான் இல்லை. காங்கேயத்தில் 'மதுரை முனியாண்டி விலாஸ்' என்று போர்டு இருந்தால் கடை மதுரைக்குப் போய்விடுமா? பூட்டுப் படமும் உதவாது, திருட்டு சைட்டும் அதை வாங்கிக்கொள்ளலாம். குரோம் பிரௌசர் 2023இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனையின் முடிவு இருக்கும். ஃபெயில் என்றால் சந்தேகப்படலாம். ஆனால் பாஸ் என்றால் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். திருடனின் சொந்த டொமைனிலிருந்து வந்தாலும் பாஸ்தான். எங்கள் பையருக்குப் போன போலி மெயில் மூன்றிலும் பாஸ். இன்னும் கேட்டால், பேபாலின் இன்வாய்ஸ் வசதியைப் பயன்படுத்தி பேபாலின் நிஜ முகவரியிலிருந்தே பொய் பில் வருவதும் உண்டு. உள்ளே எழுதியிருக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பர்தான் திருடனுடையது.

அதனால் நான் இப்போது மெயிலின் முகத்தைப் பார்த்து ஜாதகம் கணிப்பதை விட்டுவிட்டேன். மெயில் எதைச் சொன்னாலும் அதில் இருக்கும் லிங்க், ஃபைல், போன் நம்பர் எதையும் தொடுவதில்லை. அமேசான் என்றால் ஆப்பைத் திறந்து ஆர்டரைப் பார்ப்பேன், வருமான வரி என்றால் போர்ட்டலில் நானே லாகின் செய்வேன், கூரியர் என்றால் ஏர்வே பில் நம்பரை நானே சைட்டில் அடிப்பேன். நிஜமான பிரச்சினை என்றால் அங்கேயும் இருக்கத்தானே வேண்டும்?

ஏற்கெனவே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டவர்கள் மாற்றியதோடு நிறுத்தாதீர்கள். ஃபார்வர்டிங், ஃபில்டர், ரூல்ஸ் என்று செட்டிங்ஸில் இருக்கும் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள், நீங்கள் போடாதது இருந்தால் அழியுங்கள். எல்லா கருவிகளிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில் உங்களுடையதுதானா என்று பாருங்கள். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதி) போடுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள். பேங்க் பணம் என்றால் 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நம் கவனக்குறைவாலேயே விவரம் போயிருந்தாலும், பேங்கில் புகார் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. புகார் சொன்ன நேரத்தையும், அவர்கள் கொடுக்கும் நம்பரையும் எழுதி வையுங்கள்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. "லிங்க்கைத் தொடாதீர்கள்" என்று மாதம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் என் பேங்க், அடுத்த நாளே "உங்களுக்கு 4 லட்சம் லோன் ரெடி, இங்கே தொடுங்கள்" என்று ஏதோ ஒரு குட்டை லிங்க் அனுப்புகிறது. பேங்க்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதே, அது நல்ல காரியம். ஆனால் லோன் விற்கும் மெயில் வேறு யாரோ ஒரு மார்க்கெட்டிங் கம்பெனியின் முகவரியில் வந்தால், பொதுஜனம் எதைப் பார்த்து எதைப் பழகும்?

எங்கள் ஆபீஸ் கதையும் அதே லட்சணம்தான். அந்த ஆபீஸ் மெயிலுக்கு கம்பெனி பெயரையும் 123ஐயும் சேர்த்து பாஸ்வேர்டு வைத்து, ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓனரின் மச்சான். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "மெயில் பார்க்கும்போது கவனம்" என்று பிரிண்ட் எடுத்து என் டேபிளுக்கு மேலே மட்டும் ஒட்டினார்கள். அப்புறம் 'டிஜிட்டல்' பார்க்க என்று ஒரு பையனை எடுத்தார்கள். அவன் மாதச் சம்பளம், பதினோரு வருடம் கழித்து நான் வாங்கும் சம்பளத்தைவிட மூவாயிரம் அதிகம். வவுச்சர் போடுவது நான்தானே, எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அவன் நல்ல பையன், அவனைச் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி அதே கூரியர் கம்பெனி பெயரில் ஒரு மெயில். பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, டாக்குமென்ட் வேண்டும் என்று. அதே நிறம், அதே லோகோ. பார்த்த வேகத்தில் கை டெலிட்டுக்குப் போய்விட்டது. மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேனே, ஏர்வே பில் நம்பரை நானே அடித்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பையர் போன் செய்து சாம்பிள் எங்கே என்று சத்தம் போட்டார். ஓனர் என் டேபிளுக்கே வந்து நின்றார்.

"ஏம்மா, கூரியர்லருந்து மெயில் ஏதாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார். டெலிட் பண்ணிட்டேன்."

அவர் என் தலைக்கு மேலே ஒட்டியிருந்த பேப்பரை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.