ரெண்டு காதுக்கு எட்டு ஸ்பீக்கரா?

வாங்கும் முன்: கேள்வி-பதில்

பரீட்சை முடிந்தது, பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஹெட்போன் பற்றித்தான். சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கே: கையில் 2,000 ரூபாய் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வேலரன்ட் என்கிற துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறேன். "7.1 சரவுண்ட் வாங்கு, எதிரி பின்னால் வந்தாலும் தெரியும்" என்கிறார் கடைக்காரர். சாதா ஸ்டீரியோ 400 ரூபாய் கம்மி. எதை வாங்கட்டும்? (கோபி)

ப: சாதாவை வாங்குங்க தம்பி.

7.1 என்றால் ஏழு ஸ்பீக்கர், கூட ஒரு சப்வூஃபர். ஆக எட்டு. தியேட்டருக்குச் சரி. கடையில் இந்த விலைக்குத் தருகிற ஹெட்போனைக் கழற்றினால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, அவ்வளவுதான். நான் கழற்றியே பார்த்தவன். அந்த வயிற்றெரிச்சல் கீழே வருகிறது. மிச்சம் ஆறும் பெட்டி மேல் அச்சடித்த படத்தில் இருக்கின்றன.

நமக்கு இருப்பதும் ரெண்டே காதுதானே? திண்ணையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறோம். இடப்பக்கச் சத்தம் வலது காதுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தாமதித்து, கொஞ்சம் மங்கலாகப் போய்ச் சேருகிறது. முன்னாலா பின்னாலா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் சத்தத்தை மாற்றுகிற தினுசில் மூளை கண்டுபிடிக்கிறது. இந்தக் கணக்கை ஆட்டமே போட்டு ரெண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பிவிடும். வேலரன்ட்டின் ஆடியோ செட்டிங்கில் எச்ஆர்டிஎஃப் என்று இருப்பது இதுதான். அந்த வசதி இல்லாத ஆட்டங்களுக்கு விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் சோனிக் இருக்கிறது. இரண்டுக்கும் பைசா கிடையாது. பெட்டியில் '7.1' என்று காசு வாங்குவதும் இதே போல ஒரு சாஃப்ட்வேருக்குத்தான். ஆட்டத்தில் ஒன்று, ஹெட்போனில் ஒன்று என்று இரண்டையும் போட்டுவிட்டால் காலடிச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குழம்பிவிடும்.

மாட்டுச் சந்தையில் கொம்புக்குப் பெயின்ட் அடித்துச் சலங்கை கட்டி நிறுத்தியிருப்பார்கள். விவரம் தெரிந்தவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதே மாதிரி ஹெட்போனைக் கடையிலேயே மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்காருங்க. மெத்தை காதைச் சுற்றி உட்கார வேண்டும். காது மேல் அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலிக்கும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு மாட்டிப் பார்க்கணும். வயர் கப்புக்குள் நுழைகிற இடத்தை லேசாக மடக்கிப் பாருங்க, முதலில் அறுவது அங்கேதான். தலைப்பட்டைக்குள் இரும்புத் தகடு இருந்தால் நல்லது.

உங்கள் விலைக்குக் காஸ்மிக் பைட், ரெட்கியர் கம்பெனிகளில் கலர் லைட் இல்லாத மாடலாகக் கேளுங்க. இன்னும் கொஞ்சம் புரட்ட முடிந்தால் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர். லைட்டே கிடையாது, மைக்கை மேலே தூக்கினால் மியூட். அந்த 400 ரூபாயை அதற்குச் சேர்த்து வையுங்க.

கே: கப்புக்குள் இருக்கிற ஸ்பீக்கர், அதாவது டிரைவர், 50 எம்.எம். நல்லதா, 40 எம்.எம். நல்லதா? (நாமக்கல்)

ப: முட்டையா வாங்குகிறீர்கள், சைஸ் பார்க்க? காதில் வைத்துக் கேட்டு வாங்குங்க.

கே: வீட்டை ஒட்டியே தறிக்குடோன். மைக்கை ஆன் பண்ணினால் கூட ஆடுகிற பசங்க "என்றா அங்க, ரயிலா ஓடுது?" என்கிறார்கள். எனக்கும் அவர்கள் பேசுவது கேட்பதில்லை. சத்தத்தை முழுசாக வைத்துத்தான் ஆடுகிறேன். (சோமனூர்)

ப: பசங்களுக்கு உங்கள் குரல் கேட்க வைப்பது சுலபம். வாய்க்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற மைக்காக வாங்கி, உதட்டுக்கு ரெண்டு விரல் தள்ளி, கன்னத்தோரம் வையுங்க. ஆடிக்கொண்டே பேச உதவுகிற டிஸ்கார்ட் ஆப்பில் பேசினால் செட்டிங்கில் கிரிஸ்ப் என்கிற சத்தக் குறைப்பைப் போடுங்க. தறியின் 'டடக் டடக்' பெருமளவு அடங்கிவிடும்.

உங்கள் காதுதான் எனக்குக் கவலை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 90 டெசிபல் ஆனால் பெரியவருக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தறிச் சத்தத்தை அமுக்கச் சத்தத்தை ஏற்றுகிறவர் இந்தக் கணக்கை ரெண்டே நாளில் தாண்டிவிடுவார். பின்பக்கம் ஓட்டையில்லாமல் மூடிய கப், காதைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் மெத்தை, இரண்டும் இருந்தால் வெளிச்சத்தம் கணிசமாகக் குறையும். சத்தத்தைப் பாதிக்கு இறக்கலாம். பின்னால் வலை போட்ட ஓப்பன் பேக் வகையை யார் புகழ்ந்தாலும் உங்கள் ஊருக்கு வேண்டாம்.

கே: புது ஹெட்போனில் மைக் வேலை செய்யவில்லை. பீஸ் டேமேஜ் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். செல்போனில் போட்டால் மட்டும் மைக் வேலை செய்கிறது. கேஸ் போடலாமா? (ஈரோடு)

ப: செல்போனில் வேலை செய்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு யார் மேல் கேஸ் போடுவது? பின்னைப் பாருங்க, மூன்று கறுப்பு வளையம் இருக்கும். பாட்டும் மைக்கும் ஒரே பின்னில் வருகிற வகை அது. உங்கள் டெஸ்க்டாப்பில் பச்சை ஓட்டை தனி, பிங்க் ஓட்டை தனி. நடுவில் போட ஒய் ஸ்ப்ளிட்டர் என்று ஒரு துண்டு வயர் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதே கடையில் போய் வாங்குங்க, அப்படியே மன்னிப்பும் கேட்டுவிடுங்க.

கே: ப்ளூடூத் இயர்பட்ஸில் ஆடினால் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வருகிறது. மைக்கை ஆன் பண்ணினால் எல்லாமே பழைய ரேடியோ மாதிரி ஆகிவிடுகிறது. ரிப்பேரா? (பொள்ளாச்சி)

ப: ரிப்பேர் இல்லை, ப்ளூடூத்தின் சுபாவமே அதுதான். பாட்டுக்கு ஒரு தடம், போன் பேச்சுக்கு ஒரு தடம். மைக் ஆன் ஆனதும் பேச்சுத் தடத்துக்குத் தாவிவிடும், தரம் போய்விடும். வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் செருகுகிற யுஎஸ்பி டாங்கிளோடு வருகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையைப் பாருங்க. விலை கூடும். வயர் வாங்கினால் சார்ஜ் போடுகிற வேலையும் இல்லை.

கே: ப்ரோ, பெஸ்ட் ஹெட்போன் எது? (பீளமேடு)

ப: எவ்வளவுக்கு, எதுக்கு? ரெண்டும் எழுதத் தெரியாதவருக்கு எது வாங்கினாலும் ஒன்றுதான்.

கே: சீட்டு எடுத்த பணத்தில் பையனுக்கு ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு ஹெட்செட் போட்டேன். பெட்டிக்குள் யாரோ போட்டுத் தேய்த்த பழசு. "திறக்கும்போது வீடியோ எடுத்தீங்களா? இல்லைன்னா ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். பையன் முன்னால் அவமானமாக இருக்கிறது. (திருப்பூர்)

ப: அவமானம் அனுப்பினவனுக்குங்க, உங்களுக்கு இல்லை. வீடியோ இல்லாவிட்டால் புகார் செல்லாது என்று நுகர்வோர் சட்டத்தில் எங்கும் இல்லை. சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்லக்கூடாது என்பது 2020-ஆம் வருட மின்வணிக விதி. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு இன்றே எழுதுங்க. 48 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது என்று பதில் தரணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கி வையுங்க. பெட்டி, ஒட்டிய லேபிள், பில், பேசிய மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீங்க. லேபிளில் எடை அச்சாகியிருந்தால் படம் எடுத்து வையுங்க, பழசின் எடையோடு ஒத்துப்பார்க்கலாம்.

அதிலும் நடக்கவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ரெண்டு வருஷம் அவகாசம். என்ன ஆச்சு என்று எனக்கு அவசியம் எழுதுங்க.

கே: ஆறே மாதத்தில் காது மெத்தை தோல் உரிகிறது. நான் வைத்துக்கொண்ட விதம் தப்பா? (உடுமலை)

ப: தப்பு உங்கள் மேல் இல்லை. துணிமேல் பூசின பிளாஸ்டிக் தோல் அது, வியர்வையும் வெயிலும் பட்டால் உதிரும். 2019-ல் காந்திபுரத்தில் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். ஏழு கலரில் எரியும், பெட்டியில் 7.1. அடுத்த வருஷம் மே மாதம் ஒரு நாள் "ஏனுங்க, காதோரம் என்ன கரி?" என்றாள் வீட்டுக்காரி. உரிந்த தோல். அந்த ஆத்திரத்தில்தான் கழற்றினேன். உள்ளே பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர், நாலு எல்.இ.டி. அதோடு வந்த யுஎஸ்பி வயர் சத்தத்துக்கே இல்லையாம், லைட் எரிய மட்டுமாம்!

மெத்தை தனியாகக் கிடைக்கிற மாடல் என்றால் துணி மெத்தையாக வாங்கி மாற்றுங்க. கிடைக்காவிட்டால் திருப்பூர்ப் பக்கம் யாராவது ஒறம்பரை இருப்பார்களே, கழுத்துப்பட்டிக்குப் போடுகிற ரிப் துணியில் ஒரு சாண் கேளுங்க. உருளையாக வரும், இழுவை இருக்கும். வெட்டி மெத்தைமேல் மாட்டி, ஓரத்தை ரப்பர்பேண்டால் இறுக்கினால் போதும். அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். என்னுடையது அப்படித்தான் இன்னும் ஓடுகிறது, லைட் மட்டும் செத்துவிட்டது.

கே: அப்பா காசு தரமாட்டேன் என்கிறார். பழைய செல்போனோடு வந்த மைக் வைத்த வயர் இயர்போன் ஒன்று கிடக்கிறது. அதில் ஆட முடியுமா? (அவிநாசி)

ப: தாராளமாக. மேலே கோபித் தம்பிக்குச் சொன்ன செட்டிங்கைப் போட்டு ஆடுங்க. டெஸ்க்டாப் என்றால் ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன துண்டு வயர் ஒன்று வேண்டும், அந்த நூறு ரூபாயை அம்மாவிடம் கேட்டுப் பாருங்க.